உள்ளான் வந்த ஞாயித்துக்கெழம

சித்திரை பொறந்துட்டா ஆறுமணிக்குருவி நம்ம பக்கம் ரொம்ப நாள் தங்காது மேடம். குளிருக்கு வந்தது, வெயில் முத்தறதுக்குள்ள வடக்க கெளம்பிடும். செஞ்சிக் காட்டுல கடைசியா விசிலடிச்சிட்டுப் போவும். அதைக் கேக்கணும்னுதான் போன ஞாயித்துக்கெழம விடியக்காலையில கெளம்பினோம். இதெல்லாம் எங்க வூட்டுக்காரரு சொல்லிக்குடுத்தது. எனக்கா ஒரு மண்ணும் தெரியாது. காக்கா, மைனா, கொக்கு, அவ்ளோதான்.

நீங்க அவரு பாடியக் குடுத்துட்டீங்க. கண்ணு தெரியாதவரு, கால் தவறி தண்ணியில வுழுந்துட்டாருன்னு எழுதியும் முடிச்சிட்டீங்க. ஊரும் அப்பிடியேதான் பேசிக்கினு இருக்குது. அதுல ரெண்டு விஷயம் தப்பா இருக்குதுங்க. திருத்திட்டுப் போலாம்னு ஸ்டேஷனுக்கு வந்தேன். டீ எல்லாம் வேணாங்க, குடிச்சிட்டுத்தான் வந்தேன்.

அவரு பேரு தென்னரசு, ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியாரு. வருஷா வருஷம் கோடை ஆரம்பத்துல விழுப்புரம், திண்டிவனம் ஆளுங்க ஒரு குரூப்பா சேர்ந்து பறவை கணக்கெடுப்பாங்க. காட்டுல ஆரம்பிச்சு, மரக்காணம் பக்கத்துல கழுவேலி ஏரியில முடிப்பாங்க. பைனாகுலரைக் கழுத்துல மாட்டிட்டா மனுஷனுக்குப் பசியும் தெரியாது, பக்கத்துல யாரு இருக்காங்கன்னும் தெரியாது. கட்டிக்கினு வந்த புதுசுல அது எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. புடிச்சும் இருந்துச்சு, எதுக்குப் பொய் சொல்லணும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, தேன்மதி. அப்போ அஞ்சு வயசு. ஆறு வருஷத்துக்கு முன்ன ஒரு ஞாயித்துக்கெழம அவளையும் வண்டியில வெச்சிக்கினு கழுவேலிக்குப் போனாரு. மதகாண்ட கரையில புள்ளைய நிக்க வெச்சி, கையில வேவிச்ச மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தைக் குடுத்துட்டு, பைனாகுலரைத் தூக்கினாரு. கரண்டி மாதிரி மூக்கு வெச்ச ஒரு சின்ன உள்ளான் குருவி சேத்துல மேஞ்சிக்கினு இருந்துச்சாம். நம்ம கடக்கரையில பாக்கவே முடியாததாம். கண்ணை எடுக்க மனசு வரலையாம். எடுத்தப்போ கரையில பொட்டலம் மட்டுந்தான் இருந்துச்சு. புள்ள மதகுப் பள்ளத்துல கெடந்துச்சு.

நான் அவரை ஒரு வார்த்தை கேக்கல. எல்லாரும் என்னைத் தங்கமான பொம்பளைன்னாங்க. அடுத்த வருஷம் குரூப்காரங்க விழுப்புரத்துல ஒரு மண்டபத்துல கூட்டம் போட்டு, அந்த உள்ளானைப் பாத்ததுக்கு அவருக்கு ஷீல்டு குடுத்தாங்க. வேணாம்னு சொல்ல ஒரு வாய் இல்ல மேடம் அந்தாளுக்கு. வாங்கிக்கினு வந்து ஷோகேஸ்ல வெச்சாரு. பக்கத்துல புள்ள போட்டோ. அன்னிக்குத்தான் எனக்குள்ள ஏதோ ஒண்ணு செத்து அடங்கிச்சு. அப்புறம் நான் நல்லாத்தான் தூங்கினேன்.

கொஞ்ச நாள்ல அவருக்குக் கண்ணுல பிரஷருன்னு சொன்னாங்க. ஓரத்துலேருந்து பார்வையைத் தின்னுக்கினே வருமாம், வலியே இருக்காதாம். தெனம் படுக்கறதுக்கு முன்ன சொட்டு மருந்து வுடணும், சாவற வரைக்கும் வுடணும். வுட்டா ஒண்ணும் ஆவாதுன்னாரு டாக்டரு. இவருக்குத் தானா வுட்டுக்க வராது, இமை மூடிக்கும். அதனால நான்தான் வுடுவேன். என் மடியில தலை வெச்சிப் படுத்துப்பாரு.

மருந்தை சிங்க்குல ஊத்திட்டு, காய்ச்சி ஆறின தண்ணியை பாட்டில்ல ரொப்பிடுவேன். அழுக்குத் தண்ணி இல்லைங்க, சுத்தமான தண்ணிதான். கண்ணு இல்லையா. டாக்டரு மருந்தை மாத்தி மாத்திக் குடுத்தாரு, சில ஒடம்புக்கு மருந்து கேக்காதும்மான்னு வருத்தப்பட்டாரு. பாவம், நல்ல மனுஷன். அவரு குடுத்த எல்லாத்தையும் அதே சிங்க்குலதான் ஊத்தினேன். ரெண்டு கண்ணு இருந்தும் பெத்த புள்ளையப் பாக்காதவருக்கு அது எதுக்குன்னு நெனச்சேன். இப்பவும் அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

நாலாவது வருஷம் சுத்தமா இருட்டாயிடுச்சு. எழுதினதுல மொத தப்பு அதுதாங்க. கண்ணு தானா போவல.

குரூப்புல அவரைக் கூட்டிக்கினு போறதை நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தல. ஸ்கூட்டியில பின்னாடி உக்கார வெச்சி இட்டுக்கினு போவேன். கழுவேலியில பூநாரை கூட்டங் கூட்டமா நிக்கும், வெயில்ல பாத்தா கண்ணு கூசும், அவ்ளோ அழகு. "இன்னா தெரியுது பிரபா?"ன்னு கேப்பாரு. "ஒண்ணுமில்ல, தண்ணி வத்திப்போச்சு, ஒரு கொக்குகூட வரல"ன்னு சொல்வேன். மூஞ்சி சுருங்கும். அதைப் பாத்துக்கினே இருப்பேன். இந்த உலகத்துல எனக்குன்னு இருந்த சந்தோஷம் அது ஒண்ணுதான்.

போன ஞாயித்துக்கெழம அதுவும் போச்சு. காட்டுல குக்குறுவான் கத்துது, அக்காக்குயில் கத்துது, ஆறுமணிக்குருவியும் விசிலடிச்சிட்டுச்சு. ஒவ்வொண்ணா பேர் சொல்லிக்கினு, சின்னப்புள்ள மாதிரி சிரிக்கிறாரு. கண்ணைப் புடுங்கியும் மனுஷன் சிரிக்கிறாரேன்னு எனக்கு ஒரே பேஜாராப் போச்சு. பல்லைக் கடிச்சிக்கினு வண்டியைக் கழுவேலிக்கு வுட்டேன். வேணும்னேதான் அந்த மதகாண்ட நிறுத்தினேன். எந்த எடம்னு அவருக்குச் சொல்லல.

வண்டியை வுட்டு எறங்கினாரு. காத்தை மோந்து பாத்தாரு. எடம் தெரிஞ்சிபோச்சு.

"பிரபா, நீ வுட்டது மருந்து இல்லைன்னு எனக்கு மொத வாரமே தெரியும்"னாரு. "மருந்து கரிக்கும். நீ வுட்டது கரிக்கல."

அவரு பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சுக்கினே எதுக்குக் கண்ணைக் காட்டினீங்க?"

"உனக்கு யார் மேலயாவது கோவப்பட்டாவணும். நீ உன் மேல கோவப்படறதுக்கு, என் மேல படறது மேல்னு வுட்டுட்டேன்."

"என் மேல நான் எதுக்குக் கோவப்படணும்?"

"அன்னிக்கு வூட்டு கேட்டைப் புடிச்சிக்கினு வரமாட்டேன்னு அழுத புள்ளைய, கையைப் பிரிச்சி வண்டியில தூக்கி வெச்சது நீதான பிரபா. ஒரு நாள் காலையிலயாவது நிம்மதியா படுத்துக்கறேன்னு சொன்ன. நான் யாருகிட்டயும் சொல்லல. இனிமேலும் சொல்லமாட்டேன்."

எவ்ளோ மெதுவா சொன்னாரு தெரியுமா மேடம். திட்டியிருந்தா பரவாயில்ல. நான் கஷ்டப்பட்டு எடுத்த பழி, கடைசியில அவரு எனக்குப் போட்ட பிச்சையாமே. நாலஞ்சு வருஷமா நான் வுட்ட ஒவ்வொரு சொட்டும் அவரு எனக்குப் பாவம் பாத்து வாங்கிக்கினதாமே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

"சரி வா, போலாம். தண்ணி எந்தப் பக்கம்?"னு கேட்டுக்கினே கையை நீட்டினாரு.

தண்ணி வலது பக்கம் இருந்துச்சு. "லெஃப்ட்ல இருக்குது, நீங்க ரைட்டாவே நடங்க"ன்னேன். கையை நான் புடிக்கல. நான் சொன்னா கேட்டுக்குவாரு, எப்பவும் அப்பிடித்தான். ரெண்டு எட்டு வெச்சாரு. மதகுப் பள்ளம் ஆழம் உங்களுக்கே தெரியும். ஒரு வாட்டி பேரைச் சொல்லிக் கூப்ட்டாரு. என் பேரு இல்ல, புள்ள பேரு. தண்ணி அடங்கற வரைக்கும் கரையிலயே நின்னேன். அப்புறம்தான் சத்தம் போட்டு ஆளுங்களைக் கூப்ட்டேன்.

எழுதினதுல ரெண்டாவது தப்பு அதுதாங்க. கால் தவறல. கொலைன்னு எழுதிக்கோங்க, பிரபாவதின்னு போடுங்க, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா அவரு கடைசியா சொன்னாரே, அதை மட்டும் எழுதாதீங்க மேடம். புள்ளைய நான் அனுப்பல. அப்பிடித் தேம்பித் தேம்பி அழுத புள்ளைய பெத்தவ அனுப்புவாளா, நீங்களே சொல்லுங்க.