இரண்டு பக்க எர்த்

கேபிளை வெட்டும்போது நான் எப்போதும் ஒரு சாண் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவேன். பின்னால் வருகிறவன் திருத்திக் கட்ட வேண்டியிருந்தால் அவனுக்கு நீளம் வேண்டும் அல்லவா. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். அருளப்பன் வேலை சுத்தமாக இருக்கும் என்று மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என்னை யாரும் இழுத்து வரவில்லை. காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, நானாகவே ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

எங்கள் மில்லில் பேண்டேஜ் துணி செய்கிறோம். வெளுப்பதற்கு முன்னால் துணியைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். அதற்கென்று ஒரு பெரிய இரும்பு டேங்க். மூடியை இறுக்கிவிட்டு நீராவி விடுவோம். உள்ளே அழுத்தம் எத்தனை கிலோ என்று அளக்க ஒரு சென்சார். அது அனுப்பும் மின்சாரம் மிகச் சின்னது. நாற்பது மீட்டர் கேபிள் வழியாகக் கண்ட்ரோல் ரூமில் அளவைப் பதிவுசெய்யும் லாகர் பெட்டிக்கு வந்து, திரையில் கோடாகத் தெரியும். வருகிற வழியில் பம்பு மோட்டார்களின் கரண்ட் அதில் ஒட்டிக்கொள்ளும். கோடு நடுங்கும். அந்த நடுக்கத்தைத்தான் நாய்ஸ் என்கிறோம்.

கோடு நடுங்கிய காலத்தில் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். முதலாளி போன் போட்டு, "அருளப்பா, இப்ப எம்புட்டு?" என்பார். நான் திரையைச் செத்த நேரம் பார்ப்பேன். நடுக்கத்துக்கு நடுவே உண்மையான அளவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "ரெண்டு கிலோ இருக்குங்க" என்பேன். ரெண்டு கிலோதான் இருக்கும். ஒருநாளும் தவறியதில்லை.

போன வருஷம் வெங்கடேஸ்வரி வேலைக்கு வந்தாள். வன்னியம்பட்டிப் பிள்ளை, கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்தவள். திமிர் கிடையாது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வந்த இரண்டாம் மாதம் பழைய கேபிளை எடுத்துவிட்டு, முறுக்கிய ஜோடி வயர் உள்ள புதுக் கேபிளை இழுத்தாள். மோட்டார் கேபிள் போகும் பாதையை விட்டு விலக்கிக் கொண்டுபோனாள். வயரைச் சுற்றி வெள்ளிக் காகிதம் மாதிரி ஓர் உறை இருக்கும், ஷீல்டு. அதை லாகர் பக்கம் மட்டும் எர்த்தில் சேர்த்து, சென்சார் பக்கம் வெட்டி டேப் சுற்றினாள். ரெண்டு பக்கமும் சேர்த்தால் ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடி நாய்ஸை உண்டாக்கும். அவள் செய்ததில் ஒரு குறையும் கிடையாது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்றைக்குத் திரையில் கோடு ஆணி அடித்த மாதிரி நின்றது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "இனிமே யாரையும் கேக்க வேண்டாம், என்ன அருளப்பா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்குப் போன் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மில்லுக்குப் போனேன். சென்சார் பக்கம் டேப்பைப் பிரித்து, ஷீல்டை டேங்கின் உடம்போடு சேர்த்தேன். சின்னத் துண்டு வயர். இழைகளை இடப்பக்கமாக முறுக்கி, ஈயம் வைத்து, மேலே பழையபடி டேப் சுற்றினேன். பத்து நிமிஷ வேலை. அப்போது யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. கோடு கொஞ்சம் நடுங்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நடுங்கியது. அழுத்தம் இரண்டரையைத் தாண்டினால் அலாரம் அடித்து நீராவி தானாக நிற்கும்படி அவள் செய்து வைத்திருந்தாள். நாய்ஸில் அது ஒரு நாளைக்கு நாலு தடவை நின்றது. துணி அரைவேக்காட்டில் கிடந்தது. முதலாளிக்குக் கோபம். "அந்த ஆட்டோமேட்டிக்க எடுத்துருவோம்ங்க, நா உக்காந்து பாத்துக்கிடுதேன்" என்று நான் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை மூன்று நாள் கேபிளை ஒவ்வொரு அடியாகத் தடவித் தடவிப் பார்த்தாள். டேப்பைப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தான் சுற்றிய டேப்தானே என்று நம்பினாள்.

நடந்தது ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. நீராவி வால்வு முழுதாக மூடாமல் சிக்கிக்கொண்டது. அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்துகொள்ள வேண்டிய சேஃப்டி வால்வில் சோடா உப்பு படிந்து இறுகிப் போயிருந்தது. அதைச் சுத்தம் செய்வது என் வேலை அல்ல. திரையில் கோடு நடுங்கிக்கொண்டே ஏறியது. வெங்கடேஸ்வரி என் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, இது நாய்ஸா, நெசமாவே ஏறுதா?"

"நாய்ஸ்தாம்மா. ஒன் வயருதான் ஆடுது."

"இல்லண்ணே, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. டேங்க்ல இருக்க மீட்டரப் பாத்துட்டு வந்துருதேன்."

அந்த மீட்டர் கண்ணாடி சோடா படிந்து மங்கலாகிப் பல வருஷம் ஆகிறது. அவள் போனாள். டேங்குக்குப் பக்கத்தில் ஆண்டிச்சாமி நின்றுகொண்டிருந்தான். சோழபுரத்துக்காரன். பதினோரு வருஷம் என்னோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவன். என் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சைகையில்தான் பேசுவோம். அவன் என்னைப் பார்த்துக் கையைத் திருப்பிக் கேட்டான், சரியாக இருக்கிறதா என்று. நான் தலையை ஆட்டினேன்.

வெங்கடேஸ்வரி மீட்டர் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தாள். துடைத்ததும் கத்தினாள். ஆண்டிச்சாமி நீராவிக் குழாயை அடைக்க ஓடினான். அதற்குள் மூடியின் ஓரம் வாய் பிளந்துவிட்டது. கொதிக்கிற சோடா அவன் மேல் முழுதாக விழுந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனான். அவளுக்கு வலது கையும் கழுத்தும் வெந்துவிட்டன.

மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தேன். சாத்துக்குடி வாங்கிப் போனேன். அவள் அப்பா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"ஷீல்டுக்கு ஒரு பக்கந்தான் எர்த் குடுத்தேன்னு நெனச்சேண்ணே. பிரிச்சுப் பாத்தப்ப ரெண்டு பக்கமும் இருந்துச்சாம். எப்படி மறந்தேன்னு தெரியல. அவிய வீட்டு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று அழுதாள்.

"எல்லாருக்கும் வரதுதாம்மா" என்றேன்.

நாலு மாதம் ஆகிவிட்டது. ஏன் அன்றே வரவில்லை என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பிள்ளை மேல் பழி விழக் கூடாது என்றுதான் இப்போது வந்திருக்கிறேன். முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் அறிக்கை போன வாரம் வந்தது. நானும் வாசித்தேன். சென்சார் பக்கம் ஷீல்டில் போட்டிருந்த இணைப்பு, அனுபவமில்லாத கை செய்த கத்துக்குட்டி வேலை என்று எழுதியிருக்கிறார். படம் வேறு போட்டிருக்கிறார். அந்த இணைப்பைப் படத்தில் பார்த்தாலே தெரியும். ஒரு இழைகூட வெளியே நீட்டவில்லை. ஈயம் முத்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது. படித்த பிள்ளைகள் யாருக்கும் இந்தக் கை வராது. அவளுக்கும் வராது. அதைக் கத்துக்குட்டி வேலை என்று எழுத அந்த ஆளுக்கு என்ன தகுதி இருக்கிறது?

டேங்க் வெடிக்கும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். மூடி ஓரத்தில் கொஞ்சம் ஆவி கசியும், எல்லாரும் பதறுவார்கள், அவளை அனுப்பிவிட்டு மறுபடி என்னைக் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் ஆண்டிச்சாமி நின்ற இடம் கொஞ்சம் தவறிப்போனது. வருத்தம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை.

அவன் கையைத் திருப்பிக் கேட்டபோது உள்ளே அழுத்தம் மூன்று கிலோவுக்கும் மேலே போயிருந்தது. அந்த நடுக்கத்துக்குள்ளேயும் எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துதான் தலையை ஆட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள் சார், அன்றைக்கு அந்த மில்லிலேயே கோட்டைச் சரியாகப் படித்தவன் நான் ஒருவன்தான்.