தொட்டிக்கு மேலிருந்த அடிக்கட்டைகள்

என் வயது நாற்பத்தொன்று. தொழில் தையல். மலைச்சரிவுத் தெருவின் மேல்கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் படி ஏறும் இடத்துக்கு முந்திய வீட்டில் குடியிருக்கிறேன். தெருவில் தையல்காரம்மா வீடு என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். மண்சரிவில் இறந்துபோன தண்ணீர்க்காரர் என் கணவர். அந்த வழக்கில் கைதாகி இந்தப் போலீஸ் நிலையத்தின் காவலறையில் இருக்கும் பொக்லைன் ஆபரேட்டர் என் உடன்பிறந்த தம்பி. என்னை யாரும் அழைத்து வரவில்லை, சொல்லிக்கொடுத்து அனுப்பவும் இல்லை. நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

தொட்டிக்கு மேலே, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைத் தம்பி தன் இஷ்டத்துக்குப் பிடுங்கிச் செங்கல் சூளைக்கு விறகாகப் போட்டுவிட்டான் என்று, சரிவில் மனை போடும் காண்டிராக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிந்தேன். தம்பியைக் கேட்டால் "நான்தான் பிடுங்கினேன்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை என்றும் அறிந்தேன். பிடுங்கச் சொன்னது யார் என்பதைக் காதால் கேட்டவர்களில் என் கணவர் இறந்துவிட்டார், தம்பி பேசமாட்டேன் என்கிறான். மிச்சம் நான் ஒருத்திதான்.

எங்கள் தெருவுக்கு மேலே சரிவு முழுவதும் காடாக இருந்தது. காட்டுக்குள் ஓர் ஊற்று உண்டு. அதிலிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்குத் தண்ணீர் வரும். அதை முறை வைத்துத் தெருவுக்குத் திறந்துவிடுவது என் கணவரின் வேலை. முதலில் பெரிய மரங்களை மட்டும் மரக்கடைக்கு என்று வெட்டினார்கள். அதன் பிறகு சரிவில் வீட்டுமனை போடப்போவதாகப் பேச்சு வந்தது, அதன் பிறகு சின்னது பெரியது என்று பாராமல் மொத்தமாக மொட்டையடித்தார்கள். தெருவில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மனை வந்தால் ரோடு வரும், பஸ் வரும் என்று எங்களுக்கும் நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்தது. வெட்டியதற்கு அடையாளமாக முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டைகள் மட்டும் நின்றன.

அதன் பிறகு மத்தியான நேரத்தில் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து தைக்க முடியாமல் போயிற்று. செம்மண் புழுதி இறங்கி, தைத்து வைத்த பள்ளிச் சீருடைகளில் படிந்ததால் வெள்ளைத் துணி எடுப்பதையே நிறுத்தினேன். போக இடமில்லாத குரங்குகள் அடுக்களைக்குள் வந்து அரிசிப் பானையைத் தள்ளின. ஊற்று வெயில் காலத்தில் நூலாக இளைத்தது, மழை பெய்தால் சேறாகக் கொட்டியது. என் கணவர் என்னிடம் நெருக்கமாக நெய்த துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கிப்போய்த் தொட்டியின் வாயில் கட்டி வடிகட்டினார்.

அதன் பிறகு தம்பிக்கு அதே சரிவில், அடிக்கட்டை பிடுங்கும் பொக்லைனை ஓட்டும் வேலை கிடைத்தது. அவன் எங்களுடனேதான் இருந்தான். சாப்பிட உட்கார்ந்தால் இருவருக்கும் இதே கேலிதான். "என்ன மாமா, இன்னிக்குத் தண்ணி குழம்பு மாதிரி இருக்கு?" என்பான். "நீ மேல கிளறு மச்சான், நான் கீழ அள்ளுறேன். நமக்கு வேலை போகவே போகாது" என்பார் இவர். நானும் சிரித்திருக்கிறேன்.

மழைக்காலம் நெருங்கியபோது, தொட்டிக்கு நேர் மேலே செங்குத்தாக இருந்த பகுதிதான் பாக்கி. அதைத் தொடத் தம்பிக்கு மனம் வராமல் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். காண்டிராக்டர் தானே தேடி வந்து எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். நான் மிஷினை நிறுத்திவிட்டதால் பேசியது எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"தொட்டிக்கு மேல இருக்கறத மட்டும் விட்டுடலாம் சார்" என்று தம்பி சொன்னான்.

"அத விட்டா மேல் மனைக்கு எந்தப் பக்கம் பாதை போடறது? மழைக்கு முன்னாடி ஒரு கட்டை இருக்கக் கூடாது. உன்னால முடியலன்னா சாவியக் குடு, ஓட்டறதுக்கு ஆளா இல்ல?" என்றார்.

என் கணவர் குறுக்கிட்டு, "அந்த வேருதான் சார் மண்ணப் புடிச்சிக்கிட்டு இருக்கு" என்றார்.

"நீங்க குழாயப் பாருங்க" என்று அவருக்குப் பதில் வந்தது.

அதன் பிறகு தம்பி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான். நாங்கள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு காண்டிராக்டரின் வண்டியிலேயே ஏறிப் போனான். பிடுங்கிய கட்டைகளைச் சூளைக்கு ஏற்றிப் போனதும் காண்டிராக்டரின் லாரிதான். அது எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

சம்பவத்தன்று காலை முதல் மழை. குழாயில் முதலில் சேறு வந்தது, பிறகு அதுவும் நின்றது. என் கணவர் ஸ்பேனரையும் ஒரு துண்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். "நானும் வரேன் மாமா" என்று தம்பி எழுந்தான். "நீ பண்ணின வரைக்கும் போதும், உக்காரு மச்சான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் படி ஏறினார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். தம்பி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவன் உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு மேலே லாரி கல் கொட்டுவது போல் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது தொட்டி இல்லை, படியில் பாதி இல்லை. தம்பி ஓடிப்போய்ப் பொக்லைனை எடுத்து வந்தான். வந்தவன் அதன் கையை மண்ணுக்கு மேலே தூக்கி நிறுத்தினான், இறக்கவில்லை. உள்ளே இருப்பவர் மேல் பட்டுவிடும் என்று பயந்துபோய், இன்ஜினை ஓடவிட்டபடியே குதித்து வெறும் கையால் தோண்டினான். தெருவே வந்து தோண்டியது. மத்தியானத்துக்கு மேல் என் கணவரை எடுத்தார்கள். துணி அவர் கையிலேயே இருந்தது.

மழை அதிகம் என்பதால் இப்படி ஆனது என்று வந்து பார்த்த அதிகாரிகள் சொன்னார்கள். நான் கல்யாணமாகி வந்த வருடம் இதைவிடப் பெரிய மழை பெய்து, தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. அப்போது மேலே மரங்கள் இருந்தன. ஒரு கூடை மண்கூடக் கீழே வரவில்லை.

தம்பியைக் காப்பாற்றுவதற்காக இதைச் சொல்கிறாயா என்று விசாரணை அதிகாரி கேட்டார். இல்லை. பிடுங்கியது அவன்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிடுங்கவைத்தது காண்டிராக்டர், அதை விட்டுவிடாதீர்கள். காரியம் முடிந்த நாளிலிருந்து நான் தம்பியுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று இங்கே வந்தபோது கம்பிக்குப் பின்னாலிருந்து, "நீ ஒண்ணும் சொல்லாதக்கா, நான் உள்ளயே இருந்துக்கறேன்" என்றான். உள்ளே உட்கார்ந்துகொள்வது அவனுக்குச் சுலபம். அங்கிருந்து பார்த்தால் சரிவு தெரியாது. அவன் வெளியே வர வேண்டும். தெருவுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது, கீழே ஓடையிலிருந்து சுமந்துகொண்டு ஏறுகிறோம். என் வீட்டில் சுமக்க ஆள் இல்லை. அவன் வந்து சுமக்கட்டும்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. முதலில் என் கணவர் "கனமழையால் இறந்தார்" என்று எழுதியிருந்ததை ஒப்புக்கொள்ளாமல் அடிக்கச் சொன்னேன். அடிக்கப்பட்டது. மற்றதெல்லாம் உண்மை என்று என் கையெழுத்தைப் போடுகிறேன்.

(ஒப்பம்)
தண்ணீர்க்காரரின் மனைவி