கருவாட்டின் மேல் விரித்த கொசுவலை

கொசுவலை வழங்கும் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவர் நாராயணபெருமாள் அவர்களே, மேடையை அணிசெய்யும் பங்குத்தந்தை அவர்களே, கடலோடு மல்லுக்கட்டிக் கரையேறி வந்த பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் கிடத்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் கடியப்பட்டணத்து டைட்டஸ் கதையை, அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். மங்களூரில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர் மலேரியாவோடு திரும்பினார். சுகாதாரச் செவிலியர் சுபிதா மாத்திரை தந்தார். கொசுவைக் கொல்லும் மருந்தில் தோய்த்த கொசுவலையும் தந்தார்.

"உங்களக் கடிச்ச கொசு பிள்ளையையும் கடிக்கும் அண்ணே. அபினாவ இதுக்குள்ள கிடத்துங்க."

டைட்டஸ் சிரித்தார். "கடலுல வலை போடுதவனுக்கு வீட்டுலயும் வலையா?"

நாம் பனி என்கிற காய்ச்சல் விட்டது, மாத்திரையை அவர் விட்டார். வலை எங்கே போனது? தொட்டிலுக்கா? இல்லை ஐயா, முற்றத்தில் காய்ந்த கருவாட்டுக்கு! காகத்திடமிருந்து கருவாடு தப்பியது. கொசுவிடமிருந்து குழந்தை தப்பவில்லை.

ஒரு பிற்பகல் அவர் மனைவி கிளாரா அலறினார்: "ஓடி வாங்க, பிள்ளைக்கு பனி கொதிக்குது, கையும் காலும் இழுக்குது!"

இரண்டு வயது அபினாவை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரத்தம் சொன்னது: மலேரியா. டைட்டஸ் கிளாராவிடம் கேட்டார்: "எனக்க பனியா எனக்க பிள்ளைக்கு வந்திச்சு?" கிளாரா பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தத் தகப்பனால் தாங்க முடியும்?

மருந்து ஏறிப் பிள்ளை கண்விழித்துக் கஞ்சி கேட்டபோது, புயலுக்கும் கலங்காத மனிதர் விம்மி அழுதார்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கருவாட்டின் மேலிருந்த வலையை உருவினார். காகம் கொத்திய கிழிசலையெல்லாம் தைத்தார். சுபிதா அதை மீண்டும் மருந்தில் முக்கி, நிழலில் உலர்த்தித் தந்தார்.

"நீயும் பிள்ளையும் உள்ள கிடங்க" என்றார் டைட்டஸ்.

"முதல்ல பனி வந்தது உங்களுக்குல்லா? மாத்திரைய முழுசா தின்னுட்டு நீங்களும் உள்ள வாங்க" என்றார் கிளாரா.

என்னம்மா, வலைக்குள் வெக்கை என்கிறீர்களா? வெக்கைக்கு விசிறி உண்டு; வலிப்பில் வெட்டி இழுக்கும் பிள்ளைக்கு விசிறி போதுமா?

இன்று இங்கே வலை வாங்குவோரே! அது கருவாட்டுக்கும் அல்ல, கோழிக்கூட்டுக்கும் அல்ல. கருவில் சுமந்த கண்மணிக்கு! அபினா பிழைத்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளையும் பிழைக்கும் என்று பொறுத்திருக்கலாமா? கூடாது, கூடவே கூடாது! பொழுது சாயுமுன் வலை கட்டுங்கள், பிள்ளையைக் கிடத்துங்கள், ஓரத்தைப் பாய்க்கடியில் செருகுங்கள்.

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கு நன்றி. உங்கள் வீட்டுத் தொட்டில்கள் அத்தனைக்கும் என் வணக்கம்.