சின்ன கம்பி

பழைய ஜீப்பில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கம்பி இருக்கும். அது எதற்கென்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அண்ணன் ஜீப் வாங்கிய மூன்றாம் நாளே தெரிந்துகொண்டேன்.

நான் பத்தாம் வகுப்பு பாதியில் நின்றவள். நின்றதற்குக் காரணம் படிப்பு வராதது இல்லை. திருவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் ஒரு நாள் என்னை மைக் முன்னால் நிற்க வைத்தார்கள். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எண்ணூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவாடை நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு பஸ் சத்தம் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வரும். நடிப்பு என்று அம்மா நினைத்தாள். அண்ணன் கையை வைத்துப் பார்த்தான். நிஜமாகவே சுட்டது. அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை நோட்டில் எழுதுகிறேன். இது ஏழாவது நோட்டு.

அண்ணன் பெயர் தங்கப்பாண்டியன். மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருந்தான். அந்தப் பாதையில் டிராக்டரைத் தவிர எதுவும் ஏறாது. அதற்காகத்தான் ராஜபாளையத்தில் ஒருவரிடம் அந்தச் சாம்பல் நிற ஜீப்பை வாங்கினான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று சொல்லி விற்றார்கள். இரண்டாம் நாளே ஏற்றத்தில் சின்ன கம்பி தானாக நியூட்ரலில் விழுந்து, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போனது. மூன்றாம் நாள், பின்சக்கரத்தைச் சுற்றவைக்கிற நீளத் தண்டு, பின் ஷாஃப்ட், உடைந்து, தரையில் உரசித் தீப்பொறி பறந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினேன். அண்ணன் சிரித்தான்.

ராஜபாளையத்தில் சிவபாண்டி அண்ணாச்சி பட்டறை. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“ஏலே, நீ வண்டியா வாங்கிருக்க? பழைய இரும்பை ஊர்வலம் விட்டுருக்க.”

“ஓடுமாண்ணே?”

“முன்சக்கரத்துல ஓடும். பின் ஷாஃப்ட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்புதேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. இந்த ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் சக்கரத்துல கிடையாது, பின் ஷாஃப்ட்டைத்தான் புடிக்கும். ஷாஃப்ட்டு இல்லாம அதை இழுத்தா, சும்மா கைக்கு ஒரு வேலை. ஏத்தத்துல நிறுத்துனா கியர்ல போட்டு, சின்ன கம்பியையும் முன்சக்கரத்துலயே வுட்டுரு. அது விழுந்துச்சோ, வண்டியைப் புடிக்க ஒண்ணுமில்ல. மறக்காம பின் சக்கரத்துக்குக் கல்லு போடு.”

“கல்லு போடுறதுக்கு ஆள் இருக்கு” என்று அண்ணன் என் தலையில் தட்டினான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “பாப்பா பேசாதோ?”

“பேசும். ஸ்கூல் தொறக்கட்டும், கேளுங்க. நாந்தான் தெனம் ஜீப்புல கொண்டு வுடப்போறேன். பஸ்ஸுல கூட்டமின்னுதானே பயம்? பெரிய டீச்சரம்மா கிட்ட பேசிட்டேன்.”

எனக்கு அது அப்போதுதான் தெரியும். அண்ணன் என்னை டீ வாங்கிவரச் சொன்னான். தூக்குவாளியோடு ரோட்டைக் கடந்து, டீ நிறைந்த பிறகும் கடையிலேயே நின்றேன்.

அண்ணன் நல்லவன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். ஒரு நாளும் என்னை அடித்ததில்லை. புதுச் சீருடை தைத்து வந்தான். அம்மா அதை ஆணியில் மாட்டினாள். அது கழுத்து இல்லாத பிள்ளை மாதிரி சுவரில் நின்றது. நான் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தேன். திங்கட்கிழமை பள்ளி திறப்பு. அதற்குள் ஜீப் சரியாகாவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். ஜீப் கெட்டுப்போகட்டும் என்று நினைப்பது பாவம் இல்லை. அது இரும்பு.

சனிக்கிழமை லேத்திலிருந்து ஷாஃப்ட் வந்துவிட்டது. பட்டறையில் ஏழு வண்டி நின்றது. “நாலு போல்ட்டுதான், நீயே முறுக்கிக்கோ” என்று அண்ணாச்சி ஷாஃப்டை ஜீப்பில் ஏற்றிவிட்டார். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு நேராகத் தோப்புக்குப் போனான். வெளியே வந்து பழகட்டும் என்று இப்போதெல்லாம் எங்கும் கூட்டிப் போவான். கடைசி ஏற்றத்தில் முன்சக்கரம் மட்டும் இழுக்க முடியாமல் சுற்றியது. சரளை பறந்தது. அண்ணாச்சி சொன்னபடி வண்டியைக் கியரில் போட்டே நிறுத்திவிட்டு இறங்கினான்.

“செத்த நேரம் இரு. இங்கயே மாட்டிட்டா வேலை முடிஞ்சது. ஏட்டி, கல்லைப் போடு.”

அவன் பக்கவாட்டில் அடியில் புகுந்தான். இடுப்புக்குக் கீழே வெளியே இருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே போல்ட்டை முறுக்கினான். ஒன்று. இரண்டு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கும் முறுக்கிவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடும்.

பாதை ஓரத்தில் நல்ல கல் ஒன்று கிடந்தது, தேங்காயைவிடப் பெரியது. அதைத் தூக்கினேன். மறுபடி அங்கேயே வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். சரளையில் செருப்பு சத்தம் போடும், எனக்குச் சத்தம் பிடிக்காது.

“கல்லு வச்சிட்டியாட்டி?”

“வச்சிட்டேண்ணே.”

குரல் தெளிவாக வந்தது. எனக்கே ஆச்சரியம். இப்படி ஒரு தடவை மைக் முன்னால் வந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

பிறகு ஜீப் பின்னால் உருண்டது. அவன் இடுப்பின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியது. ஜீப் கீழே ஒரு மாமரத்தில் மோதி நின்றது. காய்கள் விழுந்த சத்தம்தான் எனக்கு நினைவிருக்கிறது. நான் அந்தக் கல்லைத் தூக்கிவந்து பாதை நடுவில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் ஆள் கூப்பிட ஓடினேன். கம்பி தானாக விழுந்தது, கல் இருந்தும் வண்டி தாண்டிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. பயந்த பிள்ளையை யார் கேட்பார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள். இப்போது வீட்டில் இருக்கிறான். கால் இரண்டும் அசையாது. அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் பள்ளிப் பேச்சு நின்றுவிட்டது. சீருடையைக் கிழித்து அவனுக்குத் துடைக்கிற துணியாக வைத்திருக்கிறேன்.

நேற்று சிவபாண்டி அண்ணாச்சி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணுதாம்ப்பா மனசு ஆறல. அன்னைக்கே அந்தச் சின்ன கம்பிக்கு ஸ்பிரிங்கு மாத்திட்டேனே, உன் கண்ணு முன்னாடிதானே மாத்துனேன். தானா விழ வழியே இல்லையே.”

நான் டீ வாங்கப் போயிருந்த நேரம் அது. எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது புரிந்தது. அன்றைக்கு அந்தக் கம்பி நான் நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. அவன் தலை கிடந்த பக்கமாக வந்து ஜீப்புக்குள் குனிந்து, ஒரு கையால் இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன்.

கொல்ல நினைக்கவில்லை. ஜீப் மட்டும் போகட்டும் என்றுதான் இழுத்தேன். மூன்றாவது போல்ட் முடிந்திருந்தது.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என் காலையே பார்த்தான். நான் அன்றைக்குப் போலவே செருப்பில்லாமல் நின்றிருந்தேன்.

“இல்லண்ணே. அதுவா விழுந்துச்சு. நான் அடியிலதானே கிடந்தேன், பாத்தேன்.”

அண்ணன் பொய் சொல்ல மாட்டான். அதனால் அது தானாகவும் விழுந்திருக்கலாம்.

அவர் போன பிறகு அண்ணன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான். “அம்மா, நீ எங்கயும் போவாத. நீ இரு.” கொஞ்ச நாளாகவே இப்படித்தான். நான் தண்ணீர் கொடுத்தால் குடிப்பதில்லை. அம்மா வரும்வரை உதடு வெடித்துக் கிடப்பான். நோய் வந்தால் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார்கள் என்கிறாள் அம்மா. அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்கை வியர்ப்பது, கதவுப் பக்கம் கண் போவது, கூப்பிட நினைத்தும் குரல் வராமல் வாய் மட்டும் திறப்பது எல்லாம் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் பயத்தை அடையாளம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா வேலைக்குப் போகாமல் அடுப்பு எரியாது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து மில்லுக்குப் போகப்போகிறாள். பகலெல்லாம் நானும் அண்ணனும்தான். அதைக் கேட்டதும் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டப் போய்த் துணியால் துடைத்துவிட்டேன்.

“பயப்படாதண்ணே, நான் உன்ன விட்டு எங்கயும் போவ மாட்டேன்” என்று சொன்னேன்.

குரல் தெளிவாக வந்தது.