வலது பின் சக்கரத்தில் மட்டை இருந்த காரணம்

பெயர்: வெர்லின் ஸ்ட்ரௌட். வயது: 61. தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற எம்மெட் ஸ்ட்ரௌட். தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர், தற்சமயம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர். முகவரி: மில் ரோடு, ஆல்டர் ஃபோர்க், இண்டியானா மாநிலம். நாள்: 19.05.2016, வியாழக்கிழமை.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி மார்வாவுடன் குடியிருந்து வருகிறேன். சென்ற சனிக்கிழமை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தை எனக்கே திருப்பிப் படித்துக் காட்டியபோது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆகவே இன்று ஷெரிஃப் அலுவலக அதிகாரி கெய்லா பிஸெட் அவர்கள் முன்னிலையில் இந்தக் கூடுதல் வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

காயம்பட்ட டுவைட் ப்ரூயட் என் மனைவியின் அண்ணன். என்னைவிட மூத்தவர். எனக்கும் அவருக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டதற்கு, டயர் அளவு விஷயத்தில் தவிர வேறு எதிலும் கிடையாது என்று சொல்லிக்கொள்கிறேன்.

என்னிடம் 1970-ஆம் வருடத்தில் தயாரான, இரண்டு கதவும் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜினும் உள்ள கார் ஒன்று இருக்கிறது. துருப்பிடித்த கூடாக வாங்கி, பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்பி, சென்ற இலையுதிர் காலத்தில்தான் ஆரஞ்சு வர்ணம் அடித்து முடித்தேன். மீதியிருந்தது ரிம்மும் டயரும் மட்டுமே. இந்த ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை மாலைகளில் பர்கர் கடை வாசலில் கூடுவோம். எந்தக் காருக்கு எந்த அளவு டயர் உள்ளே போகும் என்பதில் அந்தக் கூட்டத்துக்கு டுவைட் சொன்னதுதான் தீர்ப்பு. பக்கத்து மாவட்டத்திலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

பின்பக்கத்துக்கு 255 போதும் என்று நான் சொன்னேன். அந்த எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். 255 எங்கும் இடிக்காது, மழையில் வழுக்காது, பெண்டாட்டியும் ஏறி உட்காருவாள். டுவைட் 295 தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிப்ரவரி மாதம் முழுவதும் இந்தப் பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மார்வா இறைச்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டு, இனி இந்த வீட்டில் யாராவது எண் சொன்னால் இதைத் தலையில் கவிழ்ப்பேன் என்று இருவரையும் பார்த்துச் சொன்னாள். டுவைட் அதற்கும் அசரவில்லை.

"மாப்ளே, அவ்வளவு பெரிய இன்ஜினை வச்சுக்கிட்டு 255 போட்டேன்னா, கோட்டு சூட்டு போட்டவன் ரப்பர் செருப்போட கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும். உன் மானம் போனாப் பரவாயில்ல, எனக்கு அங்க ஒரு பேர் இருக்கு," என்றார்.

அதன் பிறகு நான் சரி என்றேன். அதன் பிறகு அவரே என் கராஜுக்கு வந்து, காரை ஜாக்கியில் ஏற்றி, இடது பின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங் வரை எவ்வளவு இடம், வெளியே மட்கார்டு வரை எவ்வளவு இடம் என்று அளந்தார். பதினைந்து அங்குல உயரம், பத்து அங்குல அகலம் உள்ள ரிம், அதன் உட்பக்க விளிம்பிலிருந்து போல்ட் இறுகும் தட்டு வரை ஐந்தரை அங்குல ஆழம் என்று முடிவு செய்தார். அந்த ஆழம்தான் சக்கரம் உள்ளே தள்ளி உட்காருமா, வெளியே துருத்திக்கொண்டு நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும். அதிகாரி அவர்கள் இதை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

வலது பக்கம் அளக்கவில்லை. அந்தப் பக்கம் மான் இறைச்சி வைத்திருக்கும் குளிர்பெட்டி காரை ஒட்டி நின்றது. வெளியே பனி உறைந்து கிடந்ததால் காரைத் தள்ளவும் வழியில்லை. இந்தப் பழைய கார்கள் கோணல் என்பது எங்களுக்கெல்லாம் வேதவாக்கு. ஒரு பக்கம் இருக்கும் இடம் மறுபக்கம் இருக்காது. இரண்டு பக்கமும் அளக்காதவனுக்குக் கார் எதற்கு, சைக்கிள் போதும் என்று செவ்வாய்க்கிழமைகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தவரே டுவைட்தான். ஆரின் என்று ஒருவர் அப்படி ஒரு பக்கம் மட்டும் அளந்து ரிம் வாங்கி ஏமாந்தபோது, அவரை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்தார். ஆரின் அதன் பிறகு கூட்டத்துக்கு வருவதே இல்லை. அப்படிப்பட்டவர் என் கராஜில் குளிர்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

சம்பவ நாளான சனிக்கிழமை காலை, கடையில் டயர் மாட்டிக் கொடுத்த புது ரிம்களுடன் டுவைட் வந்தார். கராஜிலேயே இடது சக்கரத்தைப் பூட்டினோம். அளந்தபடியே கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குக்கூட 295 தான் சரி என்று தோன்றிவிட்டது. அதன் பிறகு காரை வெளியே தள்ளிவந்து வலது சக்கரத்தைப் பூட்டி ஜாக்கியை இறக்கினோம். டயர் மட்கார்டின் உள்விளிம்பில் போய் உட்கார்ந்தது. டுவைட் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். இவ்வளவா கோணல் இருக்கும் என்று நான் கேட்டேன். தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பூட்டிய காராக இருக்கும் என்று முணுமுணுத்தார். அளந்து பார்ப்போமா என்று கேட்டதற்கு, தெரிந்ததை எதற்கு அளப்பது என்று கோபப்பட்டார். டயர் ஏற்றிய ரிம்மைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதன் பிறகு அவர் தன் வண்டியிலிருந்து பேஸ்பால் மட்டையை எடுத்து வந்தார்.

மட்டை எதற்கு என்பதே என் முதல் வாக்குமூலத்தில் குழப்பமாகிவிட்டது. அது யாரையும் அடிக்க அல்ல. டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் மட்டையைச் செருகி, காரை மெல்லத் தள்ளினால், மட்டை சப்பாத்திக் கட்டை மாதிரி உருண்டு விளிம்பை மேல்நோக்கி மடக்கிவிடும். கால் அங்குலம் அரை அங்குலம் இடம் கிடைக்கும். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். வர்ணம் வெடிக்காமலிருக்க முதலில் வெப்பக்காற்று மெஷினால் சூடு காட்ட வேண்டும். அதையும் காட்டினோம்.

டுவைட் வலது பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து மட்டையின் பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் ஓட்டுநர் பக்கம் நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளினேன். எங்கள் வாசல் தெருவை நோக்கிச் சரிவானது. கார் நான் தள்ளியதைவிட வேகமாகப் போனது. மட்டை உள்ளே இழுபட்டு, சுழன்று, வெளியே தெறித்தது. நான் உள்ளே தாவி, பிரேக்கை மிதித்துப் பூட்டிவிட்டுச் சுற்றி ஓடினேன். மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்கு வர்ணம் வெடித்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். டுவைட் கீழே கிடந்ததை அதற்கு அடுத்துதான் பார்த்தேன். இந்த வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது இப்படி.

அவருடைய முன்கை வளைந்திருந்தது. உதடு கிழிந்திருந்தது. நான் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "யோவ் மச்சான், உன்னை இதாலேயே அடிச்சுக் கொன்னா என்னய்யா?" என்று கேட்டேன். எதிர்வீட்டு திருமதி ஓடெல் நாயைக் கூட்டிக்கொண்டு அப்போதுதான் வந்தார். அவர் கண்டதும் கேட்டதும் உண்மை, அவர்மேல் குறையில்லை.

அதன் பிறகு நானேதான் டுவைட்டை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். போகும் வழியில், வலது பக்கம் அளக்காததைக் கூட்டத்தில் சொல்லிவிடாதே என்று மட்டும் சொன்னார். வலியில் பேசுகிறார் என்று நினைத்தேன். செய்தி கேட்டு கூட்டத்தின் தலைவர் கேலன் தார்ப்பும் இன்னும் சிலரும் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். திருமதி ஓடெல் தகவல் கொடுத்திருந்ததால் அதிகாரி பிஸெட் அவர்களும் வந்து, எப்படி ஆயிற்று என்று டுவைட்டைக் கேட்டார்கள். டுவைட் ஒருமுறை கேலன் தார்ப்பைப் பார்த்தார்.

"டயர் பேச்சுல வாய்த்தகராறு. மாப்ளே மட்டையால அடிச்சுட்டான்," என்றார்.

நான் சிரித்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் சிரித்தார் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். கையில் விலங்கு மாட்டிய பிறகும் யாராவது சிரிப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். டுவைட்டிடம் நெருங்கவோ பேசவோ ஆள் மூலம் சொல்லி அனுப்பவோ கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். திங்கட்கிழமை பேருந்துச் சாவியைப் பள்ளி அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். அடிதடி வழக்கு நிரூபணமானால் இனி பிள்ளைகள் ஏறும் வண்டி எதையும் நான் ஓட்ட முடியாது. எனக்கு வேறு வேலை தெரியாது. அந்தப் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும், அவர்கள் போடும் கூச்சலையும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை மார்வா தானாகவே அண்ணன் வீட்டுக்குப் போய், ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர், "கேஸு ஒரு மாசத்துல ஆறிடும், நானே வாபஸ் வாங்கிடுவேன். கேலி ஆறாது மார்வா. ஆரினைப் பாத்தேல்ல," என்றாராம். வழக்கு போடுவது அரசாங்கம், அவர் நினைத்தால் வாபஸ் வாங்க முடியாது என்று அவள் சொன்னபோது, அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அவள் திரும்பி வந்து, அங்கே அழவும் முடியாமல் இங்கே திட்டவும் முடியாமல், அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அதே சமயம் பாவமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை அதிகாரி பிஸெட் அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கார் கோணல் என்று அளந்து காட்டினால் மட்டை எதற்கு என்பது விளங்கிவிடும் என்று நான் சொன்னேன். டுவைட்டின் பெயர் போகும், என் வேலை பிழைக்கும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் சொன்னேன். பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, சக்கரம் பொருந்தும் அச்சு முகத்திலிருந்து மட்கார்டின் வெளிப்புறம் வரை இடது பக்கமும் அளந்தோம், வலது பக்கமும் அளந்தோம். ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை. நாடாவை வாங்கி நானே திரும்ப அளந்தேன். கார் கோணல் இல்லை. அப்படியானால் டயர் இடித்திருக்கவே கூடாது. இடிக்காத டயருக்கு மட்டை எதற்கு என்று அதிகாரி அவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கே நான்தான் அடித்தேனோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அதிகாரி அவர்கள் கையிலிருந்த காபிக் குவளையை வைக்க இடமில்லாமல், தரையில் முகம் குப்புறக் கிடத்தியிருந்த இடது ரிம்மின் நடுவே, போல்ட் இறுகும் தட்டில் வைத்தார்கள். குவளை விளிம்புக்குக் கீழே அமுங்கியது. நான் எழுந்து நகர வழிவிட, அதை எடுத்து, அதே மாதிரி கிடந்த வலது ரிம்மின் தட்டில் வைத்தார்கள். குவளையின் மூடி விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. இருவரும் குனிந்து அதைப் பார்த்தோம். அதன் பிறகு அளந்தோம். இடது ரிம்மின் ஆழம் ஐந்தரை அங்குலம். வலது ரிம்மின் ஆழம் நாலரை. கடையில் இரண்டு வேறு ரிம்களை ஜோடியாகக் கொடுத்திருக்கிறார்கள். கார் விஷயம் தெரியாதவன் என்றால் முதலில் ரிம்மைத்தான் சந்தேகப்பட்டிருப்பான். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் காரைச் சந்தேகப்பட்டோம்.

டுவைட் அளந்தது சரி. வலது பக்கத்தை அளந்திருந்தாலும் அதே அளவுதான் வந்திருக்கும், அதே ரிம்மைத்தான் சொல்லியிருப்பார். அவர் செய்யாத தவறை மறைப்பதற்காக என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இதற்கு யார் மேல் கோபப்படுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டதற்கு, ஒன்றே ஒன்று என்று சொல்கிறேன். நான் டுவைட்டிடம் பேசக்கூடாது. ஆகவே சர்க்கார் தரப்பில் யாராவது போய், அவர் அளவு சரியாகத்தான் இருந்தது என்று அவரிடம் சொல்ல வேண்டும். என் வழக்கைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதைச் சொல்லும்போது கேலன் தார்ப்பும் மற்றவர்களும் பக்கத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியிருப்பதை அதிகாரி அவர்கள் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எனக்குத் தெரிந்த வரையில் எல்லாம் உண்மை, எனக்கு விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) வெர்லின் ஸ்ட்ரௌட்

என் முன்னிலையில்: கெய்லா பிஸெட், ஷெரிஃப் அலுவலகம்