மாமனாருக்கு ஒரு வீடியோ

செங்கல்பட்டில் கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். இளையவர் தான் செய்த வீடியோவைப் பெரியவரிடம் காட்டினார். பெரியவர் முகம் வாடிப்போய், "எப்படா எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

"இன்னாத்த எடுக்கறது? மாமனாருக்கு அறுபதாவது பொறந்த நாளு அண்ணாத்த. போட்டோவெல்லாம் கோத்து சொந்தக்காரங்க குரூப்புல போட்டேன்."

"எல்லாம் கறுப்பு வெள்ளையா கீதே?"

"பழைய காலம் மாதிரி இருக்கட்டும்னு."

"அழுவுற மாதிரி புல்லாங்குழலு?"

"அதான் ஃப்ரீ. மத்த மியூசிக்குக்கு டப்பு கேக்குது."

"கடசீல ஒத்த வெளக்கு எரியுதேடா."

"வெளக்கு மங்களம்தான?"

பெரியவர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பால?"

"அச்சரப்பாக்கத்துலேந்து அத்தைங்க வேன் புடிச்சி, மாலையோட வந்து எறங்கிட்டாங்க. மாமனாருதான் கதவ தொறந்தாரு."

"உன்ன வெட்டிப் போட்டிருப்பாரே."

"எங்க? வீடியோவ அழிக்கவே வுட மாட்றாரு. குரூப்புல யார் யாரு இன்னும் வருத்தம் சொல்லலன்னு பாத்துகினு கீறாரு."

ஊரப்பாக்கம் வந்தது. இளையவர் எழுந்தார்.

"வீடியோ போட்ட நீயே ஒரு வார்த்த சொல்லலயேன்னு என்னாண்ட பேசறதில்ல."