ஒன்பதாம் அத்தியாயம்

நல்ல மீன் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகக்கூடாது, சனிக்கிழமை காலையிலேயே போய்விட வேண்டும். இதை என் கணவர் ரமீஸ் இருபது வருடமாகச் சொல்கிறார். நானும் இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதான் போகிறேன். வாரம் முழுவதும் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. கட்டுமான நிறுவனங்களின் அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தருவேன். 'அறைக்குள் சமைக்காதீர்கள்', 'தலைக்கவசமின்றி நுழையாதீர்கள்' என்று துவாஸில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிச் சுவர்களில் ஒட்டியிருப்பதில் பாதி என் கைவண்ணம். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கதைகளைவிட அறிவிப்புகளுக்குத்தான் வாசகர்கள் அதிகம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு.

அப்படி மீன் வாங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சந்தைக்குப் பக்கத்தில் ஊழியர்கள் விடுமுறைக்குக் கூடும் திடலில் வினுஷா உட்கார்ந்து படம் வரைவதைப் பார்த்தேன். மூன்று வருடம் ஆகிறது. நுஷா என்றுதான் கூப்பிடுவேன், உயர்நிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. வீட்டில் எல்லாரும் வழக்கறிஞர், கணக்காய்வாளர் என்று போக, இவள் மட்டும் தூரிகையைப் பிடித்தாள். பிழைப்புக்குச் செங்காங்கில் ஒரு நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தாள். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீட்டு ஜன்னல்களை வரைவதில் அவளுக்குப் பெயர் இருந்தது. பச்சை ஜன்னல், நீல ஜன்னல், பூனை உட்கார்ந்த ஜன்னல். பல் மருத்துவர்கள் விரும்பி வாங்கி மாட்டுவார்கள். அந்த ஜன்னல்களுக்குள் ஓர் ஆள்கூட இருக்க மாட்டார்.

அன்றைக்கு அவள் முன்னால் ஓர் ஆள் இருந்தார். பெயர் இராமசாமி, கட்டுமான ஊழியர், வலது கையில் கட்டு. அவராகவே வந்து கேட்டாராம்.

"அக்கா, என்னைய ஒண்ணு வரைஞ்சு குடுங்க. ஊருக்கு அனுப்பணும். கொஞ்சம் சதப்பத்தா வரைங்க, போட்டோவுல மெலிஞ்சு தெரியுறேன்னு அம்மா அழுவுது. கைய மட்டும் விட்டுருங்க."

நுஷா அப்படியே வரைந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை, கை முதுகுக்குப் பின்னால். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் முழுவதும் இவள்தான் தூங்கவில்லை. "நான் பொய் வரைஞ்சிட்டேன்டி" என்று எனக்குப் போன் மேல் போன். அடுத்த ஞாயிறு அவரைத் தேடிப் பிடித்து, கையோடு சேர்த்து மறுபடி வரைந்தாள். இரண்டு விரல்கள் இயந்திரத்தில் நசுங்கியிருந்தன. விபத்து நடந்த மறுநாளே அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வேலையிடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்ததாகக் காட்டிவிட்டால் விபத்து பதிவாகாது.

அதன் பிறகு ஜன்னல் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாள். ஞாயிறுதோறும் ஆட்கள் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்கள். கறுப்பு அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று. ஒவ்வொரு முகத்தின் பின்பக்கத்திலும் பெயர், ஊர், விடுதி அறை எண், என்ன காயம், எப்போது பட்டது என்று எழுதிவைத்தாள். சட்டம் படித்தாள். கொஞ்சம் வங்காளமும் கற்றுக்கொண்டாள். மருத்துவமனை வரிசைகளில் அவர்களோடு நின்றாள். செங்காங் வேலையை விட்டாள்.

அவள் அம்மா யோகம் ஆன்ட்டி என்னிடம்தான் முறையிட்டார். "பிள்ளை, நீயாவது சொல்லு. கலியாணம் செய் எண்டால் புரட்சி செய்யிறாள்."

"புரட்சியெல்லாம் இல்லம்மா. எம்சி கேக்குறோம், அவ்ளோதான்" என்றாள் நுஷா. எம்சி என்பது மருத்துவர் தரும் ஓய்வுச் சீட்டு. காயம்பட்டவன் இரண்டு நாள் படுத்திருக்க அந்தச் சீட்டு வேண்டும், அதைக் கொடுத்தால் நிறுவனம் மதிக்கவும் வேண்டும். அவள் கேட்டது அதைத்தான்.

உன்னை நாவலாக எழுதட்டுமா என்று கேட்டேன். உடனே சரி என்றாள். "எழுது லா. ஆனா ரொம்ப நல்லவளா எழுதாத, படிக்கிறவங்க தூங்கிருவாங்க." ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "அவங்க பேரு வேணாம். அடையாளம் எதுவும் வேணாம். வேலை பெர்மிட்ட வெட்டி ஊருக்கு அனுப்பிருவாங்க." நான் தலையாட்டினேன். நோட்டை ஒரு வாரம் என்னிடம் விட்டுப்போனாள். தேவைப்படும் என்று பக்கங்களையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமைதோறும் ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அவள் பேசப் பேச எனக்குப் பெருமையாக இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நல்லது. பள்ளியில் என் கட்டுரைக்குத்தான் எப்போதும் முதல் பரிசு, அவளுக்குத் தமிழ் தடுமாறும். இப்போது அவள் வாழ்வதை நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு அத்தியாயங்கள் மளமளவென்று வந்தன. அதற்கு மேல் நகரவில்லை. உயிரோடிருப்பவர்களைப் பற்றி எழுதுவதில் இதுதான் தொல்லை. அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டே இருப்பார்கள், முடிவு மட்டும் வராது.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை அவள் திட்டத்தைச் சொன்னாள். அடுத்த வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை காலை, ஒன்பது பேர் லாரியில் ஏற மாட்டார்கள். அவள் வரைந்த முகங்களை, காயங்களோடு, துணியில் பெரிதாக வரைந்து ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு விடுதி வாசலில் நிற்பார்கள். "ஒம்பது பேரு ஏறலைன்னா மத்தவங்களும் ஏற மாட்டாங்கடி. கேட்டுப் பாத்துட்டோம்." ஒன்பது பேர் யார் யார் என்றும் சொன்னாள். இராமசாமியும் அதில் இருந்தார். அந்தத் திங்களுக்கு மறுநாளே அவருக்குக் கையில் இரண்டாவது அறுவைச் சிகிச்சை. நிறுவனத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி அவள் வாங்கிய தேதி அது.

அடுத்து வந்த புதன்கிழமை கீதனிடமிருந்து போன் வந்தது. கீதன், இராமசாமி வேலை பார்த்த நிறுவனத்தின் அலுவலர். எனக்கு அறிவிப்புகளை அனுப்புகிறவர். பள்ளியில் உயர்தமிழ் படித்தவர், என் கதைகளையும் எப்போதாவது படிப்பார்.

"அக்கா, ஒரு நோட்டீஸ் அர்ஜென்ட். அனுமதியில்லாத கூட்டத்துல கலந்துக்கக்கூடாதுன்னு தமிழ்ல வேணும்."

"ஏன், என்னாச்சு?"

"சண்டேல படம் வரையுற பொம்பள ஒண்ணு நம்ம ஆளுங்கள உட்கார வச்சுப் பேசுதாம் லா. யாரு யாருன்னு பாஸ் கேக்குறாரு. எனக்கு எப்படித் தெரியும்?"

அறிவிப்பை எழுதிக் கொடுத்தேன். வாக்கியம் நன்றாகவே வந்தது. அன்று மாலை என் நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தை அவருக்கு அனுப்பி, விடுதி விவரங்கள் சரிதானா பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். திடலில் ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து படம் வரைந்துகொள்ளும் அத்தியாயம் அது. பெயர்களையெல்லாம் மாற்றியிருந்தேன். புருவத் தழும்பு, ஊர், அறை எண் அப்படியே இருந்தன. நூலகத்தில் கதைப் பட்டறை நடத்தும்போது நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்: பெயர் பொய்யாக இருக்கலாம், விவரம் பொய்யாக இருந்தால் கதை நிற்காது.

சனிக்கிழமை காலை ஒன்பது பேரையும் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டுப் பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். சாயங்காலம் விமான நிலையத்தில் இருந்தார்கள். திங்கட்கிழமை லாரி வழக்கம்போலக் கிளம்பியது, எல்லாரும் ஏறினார்கள். இராமசாமியின் அறுவைச் சிகிச்சை நடக்கவில்லை. ஊரில் புண் புரையோடி, தஞ்சாவூரில் மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள்.

படக்கார அக்காதான் காட்டிக்கொடுத்தது என்று விடுதியில் பேச்சு. எல்லா விவரமும் அவள் நோட்டில்தானே இருந்தது, வேறு யாருக்குத் தெரியும்? அடுத்த ஞாயிறு திடலில் அவள் முன்னால் யாரும் உட்காரவில்லை. ஒருவர் மட்டும் வந்து, தன் படத்தை அவள் கண்ணெதிரே நான்காகக் கிழித்துவிட்டுப் போனார்.

நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். "என் நோட்டுலதான்டி எல்லாம் இருந்துச்சு. நான்தான் எங்கயோ திறந்து வச்சிட்டேன். கடையிலயா, எம்ஆர்டி ரயில்லயா, ஞாபகமே வரல." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன், முதுகைத் தடவினேன். அவள் போனதும் மறந்துவிடும் முன் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். அழும்போது இடது கையால்தான் கண்ணைத் துடைக்கிறாள், வலது கையில் கரிப்பென்சில் கறை. பன்னிரண்டாம் அத்தியாயம் பதினொரு நாளில் முடிந்தது.

புத்தகம் நன்றாக வந்தது. வெளியீட்டு விழாவில் யோகம் ஆன்ட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். என் பிள்ளையின்ர கதையை இவ்வளவு அன்பாய் எழுதியிருக்கிறாய் என்று காதோடு சொன்னார். நாவலில் காட்டிக்கொடுத்தவர் யார் என்பதை நான் சொல்லவில்லை. அதை ஒரு விமர்சகர் பெரிய நுட்பம் என்று எழுதினார்.

இதுவரை சொன்னதைப் படித்தால் ஓர் எழுத்தாளரின் அஜாக்கிரதை என்று தோன்றும். எனக்கும் ஒன்றரை வருடம் அப்படித்தான் தோன்றியது. தோன்ற வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

விடுதி விவரங்களைக் கீதனிடம் சரிபார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. அந்தச் சுவர்களில் இருப்பதே என் எழுத்து. எத்தனை மாடி, எத்தனை குழாய் என்பது எனக்கு மனப்பாடம்.

அந்த அத்தியாயத்தின் முதல் வரைவில் ஆறு பேர்தான் வந்தார்கள். நோட்டில் நாற்பது முகங்கள். அவற்றிலிருந்து மூவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தது அந்தப் புதன்கிழமை மாலை. ஒன்பது பேர் ஆனார்கள், நுஷா சொன்ன அதே ஒன்பது பேர்.

இன்னொன்றும் உண்டு. முதல் வரைவில் ஊர், அறை எண், தழும்பு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருந்தேன், நுஷா கேட்டபடியே. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக உண்மையானதைத் திரும்பப் போட்டேன். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். இராமசாமியின் அறை எண்ணில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதையும் திருத்தினேன்.

படித்துவிட்டுக் கீதன் கேட்டார். "அக்கா, இதெல்லாம் கற்பனைதானே?"

"கற்பனைதான். ஆனா விவரமெல்லாம் சரியா இருக்கும்" என்றேன்.

ஏன் என்று கேட்டால் என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை நுஷா ஜெயித்திருந்தால் என் நாவல் வெறும் துண்டுப் பிரசுரமாகப் போயிருக்கும். ஜெயித்தவளின் கதையை அவளே சொல்லிக்கொள்வாள், அதற்கு நான் எதற்கு? தோற்றவளுக்குத்தான் எழுத்தாளர் வேண்டும். அவள் தோற்க வேண்டும் என்று நான் நினைத்தேன். இராமசாமியின் சிகிச்சைத் தேதி நினைவில் இருந்ததா என்றால், இருந்தது. அது பத்தாம் அத்தியாயத்தில் வருகிறது.

நுஷா இப்போது வரைவதில்லை. ஆனால் ஊழியர்களுக்கான போராட்டத்தை விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் நாவலில் சரியாகப் பிடிக்கவில்லை என்று இப்போது படுகிறது. போன வருடம் இந்தியா போய் ஒன்பது பேரையும் ஊர் ஊராகத் தேடி மன்னிப்புக் கேட்டாள். மூன்று வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. இராமசாமி மட்டும் திண்ணமாக, நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கக்கா என்றாராம். அதைச் சொல்லும்போதுதான் அவள் மறுபடி அழுதாள்.

இந்த நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தாள். பிரியாணி சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏய், நோட்டு உங்கிட்ட இருந்த அந்த வாரம், வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலடி" என்றேன். அது உண்மைதான். யாரும் வரவில்லை.

"அப்ப நான்தான்" என்றாள். துண்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம்.  தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.  இதை எழுதி யாரிடமாவது ஒப்படைத்தால்தான் மூச்சு விட முடியும் என்று ஆகிவிட்டது.

அதனால்தான் இதை இந்த வருடத் தொகுப்புக்கு அனுப்புகிறேன், சிறுகதை என்று குறிப்பிட்டு. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன், ஒரு துளி மறைக்கவில்லை. பெயர், ஊர், தொழில், வீட்டு முகவரி, பெருநாள் இவற்றை மட்டும் கவனமாக மாற்றியிருக்கிறேன். படிக்கிற யாராலும் என்னை அடையாளம் காண முடியாது.